படம் பதினேழு

கண்டனூரில் கண்மாய்க்குப் போகும் தடத்தில்
ஓர் இலுப்பை.
வழக்குச் சொத்து அதுதான்.

தேவகோட்டையிலிருந்து கமிஷனர் செசிலி
ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்,
டேப்பும் தொப்பியும் ஒரு பாட்டில் மோருமாய்.
எல்லாப் பக்கமும் வேண்டும் என்றார் என்னிடம்.

எனக்குப் புதுவயலில் ஸ்டூடியோ.
காதுகுத்து, வளைகாப்பு, பாஸ்போர்ட் சைஸ்.
ரைஸ்மில் உமிச்சாம்பல் பறந்து வந்து
லென்ஸில் உட்காரும்,
ஊதித் துடைப்பதே பாதித் தொழில்.
மரத்தைப் படம் பிடிக்க
இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.
மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க என்று
இதனிடம் சொல்ல முடியாது.
நான்தான் சுற்ற வேண்டும்.

உமையாள், வாதி,
இரவோடு இரவாகச் சென்னையிலிருந்து காரில் வந்தவர்.
இங்கே நில்லுங்க என்று செருப்பு நுனியால்
மண்ணில் கோடு கிழித்தார்.
கோட்டிலிருந்து பார்த்தால்
சுண்ணாம்பு உதிர்ந்து செம்புறாங்கல் தெரியும்
அவர் வீட்டுப் பின்கட்டுச் சுவரும்
மரமும்
பங்காளிகள் போல் ஒட்டி நின்றன.
அடைக்கலத்தின் தகரக் கூரை
பருத்த அடிமரத்துக்குப் பின்னால்
இருந்த இடம் தெரியவில்லை.
ஒன்று முதல் ஆறு வரை அங்கே.

அடைக்கலம், பிரதிவாதி, பஞ்சர் கடை.
அவர் எதையும் காட்டவில்லை.
தாழ்ந்த கிளையில் மாட்டியிருந்த டியூப்களை மட்டும்
சீராகத் தள்ளி வைத்தார்,
விருந்தாளி வந்ததுபோல்.
அவர் வாசலிலிருந்து மரம்
ஏதோ கடன் கேட்க வந்து
சொல்லத் தயங்குவதாய்ச் சாய்ந்திருந்தது.
நாலடி தெற்கே நகர்ந்தேன்.
சாய்வைக் காணோம்.
நான் யாரிடமும் சொல்லவில்லை.

"நிழல் என் கூரைமேல விழுது,
எழுதிக்கங்க" என்றார்.
"சாயங்காலம் வந்து பாருங்க
யார் மேல விழுதுன்னு" என்றார் உமையாள்.
கமிஷனர் மோர் குடித்தார்.

அளவு தெரிய ஐந்து ரூபாய்க் காசைப்
பட்டை வெடிப்பில் செருகி எடுத்தேன்.
வேர் புடைத்த இடம். ஆணி அறைந்த வடு.
கட்டெறும்பு வரிசை
எல்லைக் கல்லென்று சொல்லப்படும் ஒன்றின் மேலேறி
இறங்கி
அந்தப் பக்கம் போனது.

யாரும் கேட்காத ஒன்றும் எடுத்தேன்.
மல்லாந்து படுத்து, மேலே பார்த்து.
வௌவால் கடித்துப் போட்ட பூவொன்று
நெற்றியில் விழுந்தது, பிசுபிசுவென்று,
கள் போல் ஒரு வாடை.
இலை, இலைக்கு மேல் இலை,
ஓட்டை ஓட்டையாய் வெள்ளை வெயில்.

பிரிண்ட் பார்த்த செசிலி
அதை மட்டும் ஓரமாய் வைத்தார்.
"இதில் வடக்கு எதும்மா?"
கேமராவைத் திருப்பித் திருப்பி யோசித்தேன்.
தெரியவில்லை மேடம்.

ஏழு மாதம் கழித்துச் சாட்சிக் கூண்டு.
இருபத்து மூன்று படம்,
ஒவ்வொன்றின் முதுகிலும் என் கையெழுத்து.
வக்கீல் பதினேழை மட்டும் உருவினார்.
காலை வெயிலில் எடுத்தது.
புல்லின்மேல் நீண்டு வந்து
அடிமரத்தைத் தலையால் தொடும்
ஒரு நிழல்.

இது யார்?

நான்தான் ஐயா.

அப்போது நீங்கள் நின்றது
யாருடைய இடம்?

மேலே காற்றாடி கிரீச்சிட்டது.
உமையாள் என்னைப் பார்த்தார்.
அடைக்கலம் தன் விரல் நகத்துக் கிரீஸைப் பார்த்தார்.
என்ன சொன்னாலும் பாதி மரத்தை
யாருக்கோ எழுதிக் கொடுத்தவளாவேன்.

வெயிலுக்கு முன்னால நின்னேன் ஐயா.

டைப்பிஸ்ட் விரல்கள் நின்றன.
நீதிபதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
இதை அடிப்பதா வேண்டாமா என்று.